டிரம்பெட்டில் மேல் சுரம் எட்டவில்லை, உதடும் சீக்கிரம் சோர்கிறது, என்ன செய்வது?

தம்பி, பினாங்கில் பள்ளி பேண்டில் ஊதுகிறேன், அரை மணியில் உதடு போய்விடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி டிரம்பெட்டுக்கு உங்கள் உதடுதான். பி பிளாட் டிரம்பெட்டில் ஹை சி என்ற மேல் சுரம் வாசிக்க அது நொடிக்குச் சுமார் 932 முறை அதிர வேண்டும், எட்டவில்லையே என்று மவுத்பீஸை, அதாவது வாய் வைத்து ஊதும் முனையை, உதட்டில் அழுத்தினால் இரத்த ஓட்டம் குறைந்து மரத்துப்போய் அதிரவே அதிராது. அழுத்தாதீர்கள். வாயோரங்களை உறுதியாக வைத்து, "ஈ" சொல்வதுபோல் நாக்கை உயர்த்தினால் காற்று வேகமெடுக்கும். தினமும் மெல்லிய ஒலியில் நீண்ட சுரங்கள், அப்புறம் வால்வைத் தொடாமல் லிப் ஸ்லர், அதாவது உதட்டையும் காற்றையும் மட்டும் மாற்றி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைவது. ஊதிய அளவுக்கு ஓய்வும் வேண்டும். அணிவகுப்புக்கு முந்தின நாள் மூன்று மணி நேரம் விடாமல் ஊதி, மறுநாள் பாடாங் கோத்தா திடலில் எனக்கு நடு சுரமே வரவில்லை, இன்னும் மனசு வலிக்கிறது.