ஒருவர் பில்லில் இன்னொருவர் பாய்

கேள்வி: பாய்க் கடைக்கு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பில் புரோகிராம் எழுதினேன். பில் டேபிளில் பதிவு சேர்த்ததும் ‘மேக்ஸ்’ (இருப்பதிலேயே பெரிய எண்) போட்டு, அதற்குத் தானாக விழுந்த ஐடியை எடுத்து, பாய் விவரத்தை அடுத்த டேபிளில் சேர்க்கிறேன். கூட்ட நேரத்தில் பில் மாறிவிடுகிறது. ஏன்?
- வாசகர், பத்தமடை

பதில்: கடையில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்குமே, அதுதான் வினை. முதலாவது 501-ஐச் சேர்த்துவிட்டு மேக்ஸ் கேட்பதற்குள் இரண்டாவது 502-ஐச் சேர்த்துவிடும். 501-க்காரர் வாங்கிய கோரைப்பாய் 502-இல் போய் உட்காரும்.

மேக்ஸைத் தூக்கிவிடுங்கள். இன்செர்ட் (பதிவு சேர்ப்பது) முடிந்த கையோடு, அதே கனெக்‌ஷனில் ‘செலக்ட் லாஸ்ட்_இன்செர்ட்_ஐடி()’ கேட்டு, வரும் எண்ணை ஒரு வேரியபிளில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து கம்ப்யூட்டர் என்ன செய்தாலும் அது மாறாது. ஆனால் நடுவில் நீங்களே, தானாக ஐடி விழும் ஸ்டாக் டேபிளில் ஒரு பதிவு சேர்த்தால், அதன் ஐடிதான் வரும். கனெக்‌ஷன் மாறினால் 0 அல்லது ஏதோ பழைய எண் வரும். ஒரே இன்செர்ட்டில் 3 பதிவு போட்டால் கிடைப்பது முதல் பதிவின் ஐடி. பலர் சறுக்குவது இங்கேதான். போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ் என்றால் இன்செர்ட்டின் வாலில் ‘ரிட்டர்னிங் ஐடி’ சேர்த்தால் போதும்.

இன்னொன்று: இந்த ஐடியையே பில் நம்பராக அச்சடிக்காதீர்கள். ரோல்பேக் ஆனால் (சேர்த்த பதிவு பாதியில் ரத்தானால்) எண் விட்டுப்போகும். ஜிஎஸ்டி பில்லுக்குத் தொடர் எண் வேண்டும்.