வீட்டுத் தோட்டத்துக் களைக்கு எந்த மருந்து? கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை "நல்ல களைக்கொல்லி ஒன்று சொல்லுங்கள்" என்றுதான் தொடங்குகின்றன. எந்தக் களை என்று எழுதியவர்கள் சிலர்தான். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு செடியை ஈர மண்ணில் வேரோடு தோண்டி எடுத்து, அடியில் கிழங்கு இருக்கிறதா, பக்கவாட்டில் ஓடும் தண்டு இருக்கிறதா, வெறும் வேர்தானா என்று பார்த்து எழுதுங்கள். மருந்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: ஐயா, புல் மாதிரி ஒரு களை. எவ்வளவு பிடுங்கினாலும் ஒரு வாரத்தில் திரும்பவும் வந்துவிடுகிறது. தோண்டினால் கறுப்பாகச் சிறு உருண்டைகள் இருக்கின்றன. ஒரேயடியாக ஒழிக்க என்ன அடிக்கலாம்?

இது கோரை. பார்வைக்குப் புல்லாகத் தெரிந்தாலும் புல் இனம் அல்ல. தண்டை இரு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள்; மூன்று பட்டைகள் விரலில் உறுத்தும். புல்லின் தண்டு அப்படி உறுத்தாது. இதைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் புல்லை மட்டும் கொல்லும் குயிசலோஃபாப், ஃபுளூவாசிஃபாப் போன்ற மருந்துகளைக் கோரை மேல் அடித்தால் பணம்தான் வீண்.

நீங்கள் பார்த்த உருண்டைகள் கிழங்குகள். மண்ணுக்குள் மெல்லிய வேர்த்தண்டால் ஒன்றோடொன்று கோத்திருக்கும். முன்னால் இருக்கும் முளை உயிரோடு இருக்கும்வரை பின்னால் உள்ள கிழங்குகள் பல உறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் இழுக்கும்போது செடி மேலோடு அறுந்து வருகிறது, தொடர்பு துண்டிக்கப்பட்ட கிழங்குகள் விழித்து முளைவிடுகின்றன. ஒன்றைப் பிடுங்கினால் நான்கு வருவதாக நீங்கள் உணர்வதற்குக் காரணம் இதுதான்.

செடிக்குள் ஊடுருவிச் செல்லும் மருந்துதான் இதற்குச் சரி. வேறு செடி எதுவும் இல்லாத வெற்றிடமாக இருந்தால் கிளைஃபோசேட். இலை வழியாக உள்ளே போய், செடி தன் உணவைக் கிழங்குக்கு அனுப்பும் அதே பாதையில் கீழே இறங்கும். ஆகவே இலை நிறைய இருக்க வேண்டும். வெட்டிவிட்டு அடிக்காதீர்கள், ஐந்தாறு இலை விட்டுச் செழிப்பாக வளரும்போது அடியுங்கள். புல்தரைக்கு நடுவே கோரை இருந்தால் கிளைஃபோசேட் புல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும். அங்கே ஹாலோசல்ஃப்யூரான் பயன்படும். லேபிளில் உங்கள் புல்வகையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

'ஒரேயடியாக' என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு மருந்து கிடையாது. உறங்கும் கிழங்குக்கு எந்த இலைமருந்தும் போய்ச் சேராது. அது முளைத்து இலை விட்டதும் மறுபடி அடிக்க வேண்டும், பிறகு மீண்டும். கோரைக்கு நிழல் ஆகாது என்பது உங்களுக்குச் சாதகம். மருந்தால் தளர்ந்த இடத்தில் அடர்ந்து படரும் செடி எதையாவது வளர்த்தால் பாதி வேலையை அது செய்யும். கறுப்பு பிளாஸ்டிக் தாளை நம்பாதீர்கள். கோரையின் முனை அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: நடைபாதைக் கற்களின் இடுக்கில் புல் முளைக்கிறது. ரசாயனம் வேண்டாம். வினிகர், உப்பு, சோப்பு மூன்றையும் கலந்து ஊற்றினால் போதும் என்கிறார்களே?

வினிகரும் சோப்பும் சேர்ந்தால் இளங்களை கருகும், அது உண்மை. சமையலறை வினிகரில் சுமார் 5 சதவீதம்தான் அசிட்டிக் அமிலம். பட்ட இலையை எரிக்கும், வேருக்குப் போகாது. விதையிலிருந்து அப்போதுதான் முளைத்த களை சாகும்; வேரூன்றிய அறுகு சில நாளில் தழைத்துவிடும். தோட்டத்துக்கென 20 சதவீத வினிகர் விற்பவர்கள் உண்டு. அது கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகலாம். இயற்கை என்று எழுதியிருப்பதால் கையுறையும் கண்ணாடியும் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

உப்பை மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். களைக்கொல்லி பல மண்ணில் சிதைந்து போகும், உப்பு சிதையாது. மழைநீரோடு பக்கத்துப் பாத்திக்கும் மரத்தின் வேருக்கும் நகரும். மண் இறுகும், பிறகு அங்கே எதை நட்டாலும் வாடும்.

கல் இடுக்குக்குக் கொதிக்கும் வெந்நீரே போதும். காலில் படாமல் மெதுவாக ஊற்றுங்கள். வேர் ஆழமான களைக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். பிறகு இடுக்குகளை மணலால் இறுக நிரப்பிவிட்டால் விதை தங்கி முளைக்க இடம் குறையும்.

கேள்வி: புல்தரையில் அம்மான் பச்சரிசி, புளியாரை போன்ற அகன்ற இலைக் களைகள். 2,4-டி அடிக்கச் சொன்னார்கள். நான்கைந்து அடி தள்ளித் தக்காளி இருக்கிறது, ஆபத்து உண்டா?

உண்டு. அந்த இடைவெளிக்கு நான் 2,4-டி பரிந்துரைக்க மாட்டேன்.

மருந்து நல்ல மருந்துதான், 1940களிலிருந்தே புழக்கத்தில் இருப்பது. செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்து அகன்ற இலைச் செடியைத் தாறுமாறாக வளரவைத்துக் கொல்லும், புல் தப்பிவிடும். தக்காளி, திராட்சை, பருத்தி மூன்றும் இதற்கு மிக எளிதில் பாதிக்கப்படும். தெளிக்கும்போது காற்றில் போகும் துளி ஒரு பக்கம். எஸ்டர் வகையாக இருந்தால், அடித்து முடித்த பிறகும் வெயிலில் ஆவியாகிப் பக்கத்துச் செடியைத் தாக்கும். தாக்கிய தக்காளியைப் பார்த்தால் மறக்க முடியாது: நுனி இலைகள் குறுகி, நரம்புகள் நெருங்கி இணையாக ஓடும், காம்பு முறுக்கிக்கொண்டு கீழ்நோக்கி வளையும். வைரஸ் நோய் என்று நினைத்துப் பலர் வேறு மருந்து அடிக்கிறார்கள்.

தக்காளி முடிந்த பிறகு, காற்றில்லாத காலையில், எஸ்டருக்குப் பதிலாக அவ்வளவாக ஆவியாகாத அமீன் உப்பு வகையை வாங்கி, பெரிய துளியாக விழும்படி நாசிலைத் தாழ்த்திப் பிடித்துத் தெளிக்கலாம். அடித்த புல்லை வெட்டி உடனே பாத்திக்கு மூடாக்காகப் போட வேண்டாம். இப்போதைக்குக் கையால் எடுங்கள். அம்மான் பச்சரிசி மழைக்குப் பின் சுலபமாக வரும்.

கேள்வி: கிளைஃபோசேட் அடித்து மூன்று நாள் ஆகிறது. களை பச்சைப் பசேல் என்று நிற்கிறது. இரண்டு மடங்கு கலந்து அடிக்கட்டுமா?

வேண்டாம், பொறுங்கள். அது இலையை எரிக்கும் மருந்து அல்ல. செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கவிடாமல் தடுக்கிறது. பட்டினியால் சாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும்.

இரண்டு வாரம் கழித்தும் பச்சையாகவே இருந்தால் நீங்கள் கலந்த தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கிளைஃபோசேட் மண் துகளைக் கண்டால் ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும், ஆகவே கலங்கல் நீர் ஆகாது. இலையில் புழுதி படிந்திருந்தாலும் அதே கதை. உப்புத்தன்மை மிகுந்த கடின நீரில் உள்ள கால்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைநீர் கிடைத்தால் அதில் கலந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கலக்காதீர்கள். வினைபுரிந்து தீப்பற்றக்கூடிய வாயு உண்டாகும். பிளாஸ்டிக் வாளி போதும்.

அடுத்தது செடியின் நிலை. தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் களை மருந்தை உறிஞ்சாது. காய்ந்த மண் என்றால் முதல் நாளே நீர் பாய்ச்சி, மறுநாள் இலை விறைப்பாக நிற்கும்போது அடியுங்கள். அடித்த பின் ஆறு மணி நேரமாவது மழை கூடாது.

அளவைப் பொறுத்தவரை, 41 சதவீதம் கிளைஃபோசேட் உள்ள புட்டியில் பொதுவாக லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி வரை சொல்லியிருப்பார்கள். உங்கள் புட்டியின் லேபிள் என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு.

கேள்வி: காய்கறிப் பாத்தியில் களை முளைக்காமலே தடுக்கும் மருந்து இருக்கிறதாமே?

பெண்டிமெத்தலின் போன்றவை இருக்கின்றன. மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக நின்று, முளைவிடும் விதையை அங்கேயே முடக்கும். ஏற்கெனவே முளைத்த களையை ஒன்றும் செய்யாது. அடித்த பிறகு மண்ணைக் கிளறினால் படலம் உடைந்துவிடும். உங்கள் கீரை விதைக்கும் களை விதைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. ஒரே பயிர் போடும் வயலுக்கு அது பொருந்தும். பத்துச் செடி பத்து விதமாக நிற்கும் வீட்டுப் பாத்திக்குப் பொருந்தாது.

உங்களுக்கு மூடாக்குதான். காய்ந்த இலை, வைக்கோல், எது கிடைத்தாலும் மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். களை விதைகளில் பல மிகச் சிறியவை. முளைக்க வெளிச்சம் வேண்டும், முளைத்தாலும் அவ்வளவு கனத்தைத் தாண்டி வரும் தெம்பு இராது. செடித் தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லையென்றால் அழுகும். பாத்தி காலியாக இருந்து கடும் வெயில் காலமும் வந்தால், மண்ணை நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளை ஓரம் புதைத்து விரித்து, நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே விடுங்கள். சூடேறி மேல்மண்ணில் உள்ள விதைகளில் பெரும்பகுதி செத்துவிடும். தாள் கறுப்பாக இருந்தால் அந்த அளவுக்குச் சூடேறாது.

கேள்வி: கிளைஃபோசேட் புற்றுநோய் தரும் என்கிறார்கள், தராது என்றும் சொல்கிறார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடு. நேராகச் சொல்லுங்கள், அடிக்கலாமா?

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ, லேபிள்படி பயன்படுத்தினால் அந்த வாய்ப்பு இல்லை என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அனுமதியை மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. முதல் அமைப்பு பார்த்தது, அந்தப் பொருளுக்கு அப்படி ஒரு தன்மை உண்டா என்பதை. மற்றவை பார்த்தது, வழக்கமான பயன்பாட்டில் உடலுக்குள் போகும் அளவில் அது நேருமா என்பதை.

என் கருத்து இது. கையால் அல்லது களைக்கொத்தால் ஒரு காலை வேளையில் முடிக்கக்கூடிய இடத்துக்கு மருந்தே வேண்டாம். உண்ணும் செடிக்கு நடுவே அடிக்கவே வேண்டாம். வேலியோரம் வேரூன்றிய அறுகு போன்றதற்குத் தேவைப்பட்டால், தெளிக்காமல் தூரிகையால் இலையில் பூசுங்கள். மருந்தும் சில மில்லிதான் செலவாகும், காற்றிலும் பறக்காது. கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி வேண்டும். காய்ந்து முடியும்வரை, முடிந்தால் அன்று முழுவதும், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டுப் பயன்பாட்டுக்குத் தடை விதித்த நாடுகளும் உண்டு, உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீன் குளத்தின் கரையில் அடிக்கலாமா?

கூடாது. மருந்தை இலையில் ஒட்டவைக்கச் சேர்க்கும் பொருள்களில் சில, மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் நஞ்சு. கரையில் கத்தரிக்கோலும் கையும்தான்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பராகுவாட் தருகிறேன் என்கிறார். ஒரே நாளில் எல்லாம் கருகிவிடுமாம். கொஞ்சமாகத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பாராம்.

வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பராகுவாட்டின் நஞ்சை முறிக்கும் மருந்து இல்லை. ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம். சில நாள், சில வாரம் நுரையீரல் சிதைந்து, நினைவோடு இருக்கும்போதே மூச்சு அடங்கும். பல நாடுகள் இதை முற்றிலும் தடை செய்திருக்கின்றன. தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய நஞ்சைத் தாகத்தில் எடுத்துக் குடித்து இறந்தவர்கள் ஏராளம். எந்தக் களைக்கொல்லியையும் அதன் சொந்தப் புட்டியை விட்டு வேறு எதிலும் ஊற்றக் கூடாது. இத்தனைக்கும் பராகுவாட் வேரைக் கொல்வதுமில்லை. பட்ட பச்சை கருகும், கோரையும் அறுகும் மறுபடி துளிர்க்கும்.

கேள்வி: வெட்டிய மரத்தின் அடிக்கட்டை துளிர்த்துக்கொண்டே இருக்கிறது.

புதிதாக ஒரு வெட்டு வெட்டி, சில நிமிடங்களுக்குள் கிளைஃபோசேட்டைத் தூரிகையால் தடவுங்கள். பட்டைக்கு உள்ளே ஒட்டிய விளிம்பு வளையத்தில் பட வேண்டும், உயிர் அங்கேதான் ஓடுகிறது. நடுக்கட்டைக்குப் பூசிப் பயனில்லை. வெட்டு காய்ந்தபின் பூசினால் உள்ளே இறங்காது. அதே இன மரம் அருகில் நின்றால் வேர்கள் ஒட்டியிருக்கக்கூடும், மருந்து அதற்கும் போய்விடும்; அப்போது துளிரை ஒடித்துக்கொண்டே வருவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: பார்த்தீனியத்துக்கு என்ன?

பூக்கும் முன் ஈர மண்ணில் வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் தரும் செடி, ஆகவே கையுறையும் முகத்துணியும் கட்டாயம். பூத்துவிட்டால் உதறாமல் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட்டால் விதை பிழைத்துவிடும்.

கேள்வி: நான் எந்தக் களைக்கொல்லியும் அடிப்பதில்லை. ஆனால் வெளியிலிருந்து வாங்கிய சாணி உரம் போட்ட பிறகு தக்காளியும் அவரையும் நுனி சுருண்டு கிண்ணம்போல் மடங்குகின்றன. நீங்கள் மேலே சொன்ன அடையாளம்தான்.

உரத்திலேயே களைக்கொல்லி இருக்குமோ என்ற உங்கள் சந்தேகம் சரியாக இருக்கலாம். மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் அமினோபைரலிட், குளோபைரலிட் வகை மருந்துகள் மாடு தின்ற புல்லோடு உள்ளே போய், சிதையாமல் சாணியில் வெளிவரும். மட்கிய உரத்திலும் பல மாதம் நிற்கும். தக்காளியும் பயறு இனமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மீதி உரத்தைச் சோதித்துப் பாருங்கள். அதைத் தோட்ட மண்ணோடு கலந்து இரண்டு மூன்று தொட்டிகளிலும், அதே மண்ணை உரமில்லாமல் வேறு இரண்டு மூன்று தொட்டிகளிலும் நிரப்பி, எல்லாவற்றிலும் பீன்ஸ் விதையுங்கள். தட்டில் வழியும் நீர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகாமல் தள்ளி வையுங்கள். மூன்று வாரத்தில் உரத்தொட்டியில் மட்டும் இலை சுருண்டால், அந்த உரத்தைப் பாத்திக்குப் போடாதீர்கள், புல்தரைக்குப் போடலாம். பாதித்த பாத்தியை அடிக்கடி கிளறி ஈரமாக வைத்திருங்கள், மண்ணின் நுண்ணுயிர்கள்தான் அதைச் சிதைக்கும். அதுவரை அங்கே மக்காச்சோளம் போடுங்கள், புல் இனம் என்பதால் தாங்கும். மறுபடி பீன்ஸ் விதைத்து, இலை விரிந்து நேராக வந்த பிறகு தக்காளிக்குத் திரும்புங்கள்.