பத்து தடவை எழுத வைக்கும் முன்…

ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மகன் இரண்டாம் வகுப்பு. 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறான். கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது 48−15 போன்ற கணக்குக்கும் கடன் வாங்குகிறான். எங்கே தப்பு செய்கிறேன்?
— வாசகி, மன்னார்குடி

அந்த 35 எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று நாம்தான் சொன்னோம். அவன் 2-ஐயும் 7-ஐயும் பார்க்கிறான். 7 பெரிது, 2 சின்னது. கழித்து 5 என்று எழுதுகிறான். அடுத்து 4-ல் 1 போக 3. நாம் கொடுத்த விதியைத்தான் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். 42 என்பது நான்கு பத்தும் இரண்டு ஒன்றும் சேர்ந்த ஒரே எண் என்பதுதான் அவன் மனதில் இன்னும் படியவில்லை. அவனுக்கு அது 4, 2 என்று இரண்டு தனி எண்கள்.

தென்னந் துடைப்பத்திலிருந்து 50 ஈர்க்குச்சி எடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கூரான முனையை வெட்டிவிடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடுவதை அவனே செய்யட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால், கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பது அவனுக்கு வெறும் சொல்லாகவே நிற்கும்.

நான்கு கட்டும் இரண்டு குச்சியும் வைக்கச் சொல்லி, "இதுல பதினேழு எனக்குக் கொடு" என்று கையை நீட்டுங்கள். ஒரு கட்டைக் கொடுத்துவிடுவான். இன்னும் ஏழு கொடுக்க வேண்டும். கையில் உதிரியாக இருப்பது இரண்டுதான். இந்த இடத்தில் வாய் திறக்காமல் பொறுத்திருங்கள். சில பிள்ளைகள் உடனே ரப்பர் பேண்டைக் கழற்றுவார்கள், சிலர் ஒரு நிமிடம் விழிப்பார்கள். கழற்றியதும், ஏழு எடுப்பதற்கு முன் குச்சிகள் உதிரியாகக் கிடக்கும்போதே, "உதிரி எத்தனை?" என்று கேளுங்கள். பன்னிரண்டு. அதில் ஏழு போக ஐந்து. கட்டு இரண்டு மிச்சம். விடை 25. கடைசியில் 25 குச்சியையும் உங்களிடம் கொடுத்த 17-ஐயும் சேர்த்து எண்ணினால் 42 திரும்ப வர வேண்டும்.

"கடன்" என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பத்துக் கட்டு பிரிகிறது, அவ்வளவுதான். "கட்டைப் பிரிக்கிறோம்" என்றே சொல்லுங்கள். நான்கைந்து நாள் குச்சியோடு செய்த பிறகு, பிரிக்கும்போதே நோட்டில் 4-ஐ அடித்து மேலே 3, 2-க்குப் பதில் 12 என்று எழுதட்டும். கையில் நடப்பதைத்தான் தாளில் எழுதுகிறோம் என்று அப்போது புரியும். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் பத்தும் ஒன்றும் இடம் மாறாது.

இனி, எல்லாக் கணக்கிலும் கடன் வாங்குவது. பயிற்சிக்குக் கொடுத்த கணக்கெல்லாம் கடன் வாங்கும் கணக்காகவே இருந்தால், கழித்தல் என்றாலே அதுதான் என்று பிள்ளை முடிவு செய்துவிடும். பத்துக் கணக்கை ஐந்துக்கு ஐந்தாகக் கலந்து எழுதுங்கள். விடை எழுத வேண்டாம், கட்டைப் பிரிக்க வேண்டிய கணக்குக்கு மட்டும் டிக் போடச் சொல்லுங்கள். இரண்டு நாளில் தெளிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 12-ல் 7 போனால் எத்தனை என்று விரல் விட்டு எண்ணி, நடுவில் தப்பவிடுகிறானா? அப்படியானால் பத்தை உடைக்கும் பயிற்சிதான் முதலில் வேண்டும். பத்துப் புளியங்கொட்டை எடுத்து, சிலவற்றை உள்ளங்கையில் மூடி, வெளியே இருப்பதைக் காட்டி "கைக்குள்ள எத்தனை?" என்று கேளுங்கள். தினமும் ஐந்து நிமிடம், ஒரு வாரம். 7-க்கு ஜோடி 3 என்பது நாக்கில் நின்றுவிட்டால், 7-லிருந்து 10-க்கு 3, 10-லிருந்து 12-க்கு 2, ஆக 5 என்று வந்துவிடுவான். கடைசியாக 50−23 போன்ற சுழியம் வரும் கணக்கு. இதற்கு 33 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. இதற்கும் குச்சிதான். உதிரி ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தால் கட்டைத் தேடுவார்கள்.

மகள் ஒன்றாம் வகுப்பு. பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். அதே சொல்லை கடைப் பலகையில் காட்டினால் தெரியவில்லை.
— வாசகர், சேலம்

அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது. நல்ல காது என்று அர்த்தம், திட்டுவதற்கு ஒன்றுமில்லை. உறுதி செய்துகொள்ள, படத்தைக் கையால் மறைத்து, வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஒப்பிப்பதுதான்.

அடிப்படையிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் குறி எதுவும் இல்லாத சொற்கள்: படம், மரம், கடல், வயல், நகம். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டினால் நல்ல அட்டை கிடைக்கும். ஓர் அட்டைக்கு ஒரு சொல். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ப, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்லும்போது 'ட' அழுத்தமாக ஒலிக்கிறது. 'படம்' என்று சேர்த்துச் சொல்லும்போது அதே 'ட' மென்மையாகிவிடுகிறது. 'காகம்' என்பதில் முதல் எழுத்தும் நடு எழுத்தும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அதனால் எழுத்துக்கூட்டிச் சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிடிபடாமல் போகிறது. எழுத்துக்கூட்டியதும் "இப்போ வேகமாச் சொல்லு" என்று சேர்த்துச் சொல்ல வையுங்கள்.

பிறகு துணைக்கால். அடுத்து இகர, ஈகாரக் குறிகள். உகர, ஊகாரத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். கு, சு, டு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் ஒரே விதியாகச் சொல்லிக் கொடுக்க முடியாது. கே, தே, பை, கொ போன்றவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. பிள்ளை இடமிருந்து பார்த்துக்கொண்டு வரும்போது கொம்பில் முட்டி நின்றுவிடும். "கொம்பைப் பார்த்தா நிக்காதே, பக்கத்து எழுத்தையும் சேர்த்துப் பாரு" என்று இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் பென்சிலால் போட்டுக் காட்டுங்கள்.

"வந்தார்கள்" என்று இருப்பதை "வந்தாங்க" என்று வாசித்தால் கடிந்துகொள்ள வேண்டாம். பொருள் புரிந்து வாசிக்கிறாள் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. வாசித்து முடித்த பிறகு கடைசி எழுத்துகளை மட்டும் காட்டினால் போதும்.

அரசுப் பள்ளி என்றால், 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். புதிதாக வாசிக்க, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதையில் தொடங்குங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

மூன்றாம் வகுப்பு மகன் எழுத்துப்பிழை விட்டால் ஒவ்வொரு சொல்லையும் பத்து தடவை எழுத வைக்கிறோம். மறுநாள் அதே பிழை.
— வாசகி, திண்டுக்கல்

அவன் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'காற்று' என்று பத்து முறை எழுதச் சொன்னால் முதலில் கீழ் கீழாகப் பத்து 'கா', அதன் பக்கத்தில் பத்து 'ற்', பிறகு பத்து 'று' என்று எழுதிக்கொண்டு போகிறானா? நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். கை பத்து தடவை எழுதியது, சொல் ஒரு தடவைகூட மனதுக்குள் போகவில்லை.

பதிலாக மூன்றே சொற்களைக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் பார்க்கட்டும், மூடட்டும், பார்க்காமல் எழுதட்டும், திறந்து அவனே ஒப்பிடட்டும். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் அதே மூன்றை ஒருமுறை. பிறகு இரண்டு நாள் விட்டு ஒருமுறை. இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதுவதுதான் நிற்கிறது.

சில பிழைகளுக்கு மனப்பாடமே வேண்டாம், விதி இருக்கிறது. ட-வுக்கு முன் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). சொல்லின் தொடக்கத்தில் வருவது ந மட்டுமே: நரி, நாய், நிலா. ர் இரட்டிக்காது, அதனால் காற்று, வெற்றி, நெற்றி எல்லாம் ற்ற தான். ழ் இரட்டிக்காது. பல்லி, பள்ளி உண்டு, ழகரத்தில் அப்படி ஒரு சொல் வராது. இந்த நான்கையும் ஓர் அட்டையில் எழுதி, அவன் உட்கார்ந்து எழுதும் இடத்துக்கு எதிரில் ஒட்டுங்கள்.

ல, ள, ழ மூன்றையும் வீட்டில் ஒரே மாதிரி பேசுகிறோம் என்றால், சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சியில் அந்த எழுத்துகளுக்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். காதில் விழாத வேறுபாட்டைக் கை எழுத முடியாது. அவற்றைக் கண்ணால்தான் பழக்க வேண்டும்.

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் வராது. மகள் ஆங்கில வழியில் ஒன்றாம் வகுப்பு. 'ஃபோர்டீன்' என்றால் 41 எழுதுகிறாள்.
— வாசகர், ஆம்பூர்

உங்கள் தமிழே இதற்கு மருந்து. 'ஃபோர்டீன்' என்னும்போது காதில் முதலில் விழுவது நான்கு. அதனால் 4-ஐ முதலில் எழுதிவிட்டு 1-ஐப் பின்னால் போடுகிறாள். 13 முதல் 19 வரை ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை உண்டு. தமிழில் பதினான்கு என்றால் பத்து முன்னால் வருகிறது, எழுதும் வரிசையும் அதுவே. "பத்தும் நாலும், பதினாலு, ஃபோர்டீன்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பத்துக்கும் இதே வழி: "பத்தும் மூணும்", "மூணு பத்து".

வாசிப்பில், தமிழில் 'ம' என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. சி, ஏ, டி என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'கேட்' என்று வராது. எழுத்துகளின் ஒலியை வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு, அதையே ஃபோனில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி, அன்றைய பாடத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. சொல்ல முடியாவிட்டால் எங்கே நிற்கிறது என்று டீச்சரிடம் குறிப்பாகக் கேட்கலாம்.

பேரன் இடது கையால் எழுதுகிறான். மாற்றிவிடலாமா?
— வாசகி, கோவில்பட்டி

மாற்ற வேண்டாம் அம்மா. வலது கைக்குத் திருப்பினால் எழுத்தும் கெடும், எழுதும் ஆசையும் போகும். நோட்டை அவன் உடம்புக்குச் சற்று இடதுபுறம் வைத்து, அதன் மேல்பக்கம் வலப்பக்கம் சாயும்படி திருப்பி வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து 3 சென்டிமீட்டர் மேலே பிடிக்கட்டும். அப்போது தான் எழுதுவது அவன் கண்ணுக்குத் தெரியும், எழுதியதைக் கை தேய்க்காது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

ஒன்றாம் வகுப்புக்கே தினமும் இரண்டு மணி நேர வீட்டுப்பாடம். அழுதுகொண்டே எழுதுகிறாள்.
— வாசகி, சென்னை

இது நியாயமே இல்லை. 1, 2-ம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. 3 முதல் 5 வரை வாரத்துக்கே அதிகபட்சம் 2 மணி நேரம்தான். நான்கைந்து பெற்றோராகச் சேர்ந்து போய் இதைப் பேசுங்கள். அதுவரை கடிகாரத்தில் 20 நிமிடம் வைத்து, முடிந்த இடத்தில் நிறுத்தி, "இவ்வளவுதான் முடிந்தது" என்று நோட்டில் நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மீதியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையால் எவ்வளவு முடிகிறது என்பது டீச்சருக்குத் தெரிய வேண்டும்.

புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதும் மகன், கரும்பலகையைப் பார்த்து எழுதினால் பாதி சொல்லை விட்டுவிடுகிறான். கவனக்குறைவா?
— வாசகர், நாகர்கோவில்

முதலில் கண் பரிசோதனை. பக்கத்தில் சரி, தூரத்தில் தப்பு என்றால் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாத குறைபாடு இருக்கலாம். டிவிக்கு மிக அருகில் உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, அடிக்கடி தலைவலி என்று இவையும் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். கண்ணில் குறை இல்லை என்றால், பலகையைப் பார்ப்பதற்கும் நோட்டில் எழுதுவதற்கும் இடையில் சொல்லை மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கலாம். வீட்டுச் சுவரில் மூன்று சொல் எழுதிய தாளை ஒட்டி, ஒரு பார்வைக்கு ஒரு முழுச் சொல் என்று எழுதிப் பழகட்டும். எழுத்து எழுத்தாக நிமிர்ந்து பார்த்து எழுதுகிற பிள்ளைதான் நடுவில் எழுத்தைத் தொலைக்கிறது.