ஐந்து பேர் வீட்டில் நாலு முகமூடி

கேள்வி: கேரள எல்லைக்குள், வாளையாறுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில், ஹைவேயிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. எனக்கு 43 வயது. தினமும் ரயிலேறிக் கோவைக்கு அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போகிறேன். மனைவிக்குப் பாலக்காட்டில் வேலை. பெண்ணுக்கு வயது 12, பையனுக்கு 8. 2025 மே 7 அன்று போர் ஒத்திகைக்காக சைரன் ஊதினார்களே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ரசாயனம், கிருமி, அணுகுண்டு என்று இரவெல்லாம் போனில் படிக்கிறேன். நாலு கேஸ் மாஸ்க் வாங்கி வைத்துவிட்டேன். அயோடின் மாத்திரை தேடிக்கொண்டிருக்கிறேன். சைரன் ஊதினால் குடும்பத்தோடு காரில் கோவைக்கு, மச்சினன் வீட்டுக்குப் போய்விடுவதாகத் திட்டம். அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். முழங்கால் வலியால் மாடி ஏறமாட்டார் என்று, கீழே நடுவில் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமாக இருந்ததை அவருக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறோம். அவருக்குக் காது கேட்காது, அதனால் சைரன் ஊதினாலும் பதறமாட்டார், அது ஒரு நிம்மதி. அப்படியொரு நேரத்தில் நான் நிதானம் தவறாமல் இருக்க என்ன வழி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: யாருக்கு நிம்மதி, தம்பி? அம்மாவுக்கா, உங்களுக்கா?

மே 7-க்கு அப்புறம் இதே பயத்தோடு வந்த கடிதங்கள் என் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. "நம்ம ஊருக்கெல்லாம் யார் குண்டு போடப் போகிறார்கள், நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். நீங்கள் பயப்படுவதில் தப்பில்லை. எதற்குப் பயப்படுகிறீர்கள், யாருக்காகப் பயப்படுகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

கணக்கு எழுதுவது உங்கள் தொழில். பத்து ரூபாய் இடித்தாலும் தேடிக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டீர்கள். நீங்கள், மனைவி, பிள்ளைகள் இருவர், அம்மா. ஐந்து தலை. மாஸ்க் நாலு. மறந்துபோனீர்களா, வேண்டாம் என்று முடிவு செய்தீர்களா? மறந்திருந்தால் ஒரு மாதிரி, முடிவு செய்திருந்தால் வேறு மாதிரி. இதைப் படித்ததும் ஓடிப்போய் ஐந்தாவதை வாங்கிவிட்டு மனச்சாட்சியைச் சரிக்கட்டிவிடாதீர்கள். அந்த நாலுமே உங்களுக்கு உதவும் என்று சொல்ல முடியாது. எந்த வாயுவோ அதற்கேற்ற ஃபில்டர் வேண்டும், அதற்குக் காலாவதித் தேதி உண்டு, பெரியவர் அளவில் செய்தது எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் ஒட்டி நிற்காது. 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேலில் வீடுவீடாக மாஸ்க் கொடுத்தார்கள். ஃபில்டரின் மூடியைக் கழற்றாமலே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு.

சரி, இன்னொரு கணக்கு. அந்த மே 7 ஒரு புதன்கிழமை. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒத்திகை. அப்போது நீங்கள் எங்கே? கோவையில். மனைவி? பாலக்காட்டில். ஸ்கூல் லீவு, அதனால் பிள்ளைகள் வீட்டில். யாரோடு? உங்கள் திட்டத்திலேயே இல்லாத அந்த அம்மாவோடு.

புரிகிறதா தம்பி? ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற ஆபத்துக்கு நீங்கள் திட்டம் போட்டிருக்கிறீர்கள். கார் வாசலில் நிற்கும், சாவி உங்கள் கையில் இருக்கும், நீங்கள் ஓட்டுவீர்கள். மற்ற ஆறு நாளும் காலையிலிருந்து இருட்டும்வரை அந்த வீட்டில் பொறுப்பான பெரியவர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். உங்கள் பிள்ளைகளின் உயிர் அவர் கையில். அவரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய மூட்டையாகக்கூட நீங்கள் கணக்கில் வைக்கவில்லை. நான் பழைய காலத்து ஆள். பெற்றவளைக் கடைசியில் வைக்கிற திட்டம் எதுவானாலும் அது தப்பான திட்டம் என்று நினைக்கிறவள். இங்கே பாசத்தைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் புத்தியால் பார்த்தாலும் அது தப்பான திட்டம்தான்.

சைரனை நம்பி இருக்கிறீர்களே, அதையும் பார்ப்போம். 2020-இல் இதே மே 7. விசாகப்பட்டினத்தில் விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஒரு தொழிற்சாலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்தது. 12 பேர் இறந்தார்கள். ஆலையில் சைரன் இருந்தது, ஊதவில்லை. அன்றைக்கு அந்த ஊரில் காது நன்றாகக் கேட்டவரும் உங்கள் அம்மாவும் ஒன்றுதான். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ராத்திரியில் ஜனங்கள் எழுந்து ஓடியது மூக்கும் கண்ணும் எரிந்ததால்தான்.

உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்தும் பெரும்பாலும் அந்த வகைதான். பக்கத்திலேயே கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. வாசலில் ஹைவே, அதில் ராப்பகலாக டேங்கர். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கவிழ்ந்து கசிந்த கேஸ் டேங்கர் கொச்சியிலிருந்து வந்தது. அணுகுண்டைப் பற்றி இரவெல்லாம் படிக்கிறீர்களே, அந்த டேங்கரைப் பற்றி ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை.

குளோரின் கசிந்தால் பிளீச்சிங் பவுடர் வாடை வரும். அம்மோனியா மூக்கைத் துளைக்கும். சமையல் கேஸுக்கு வாடை கிடையாது, கசிவு தெரியவேண்டும் என்றே நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள். இதற்கெல்லாம் காது எதற்கு? பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற கிழவிக்குத்தான் முதலில் தெரியும். (திண்ணையில் உட்காருவார் என்பது என் ஊகம். ஜன்னல் இல்லாத அறையில் நாள் முழுக்க யார்தான் இருப்பார்கள்?) எல்லா விஷத்துக்கும் வாடை இருக்காது என்பதும் உண்மைதான், கதிர்வீச்சுக்கும் சாரின் மாதிரி நரம்பு வாயுவுக்கும் கிடையாது. அதற்காக இருக்கிற மூக்கை வீணாக்க வேண்டுமா?

இப்போது உங்கள் கோவைத் திட்டம். தென்மேற்குப் பருவ மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று அம்மாவைக் கேளுங்கள். மேற்கிலிருந்து கிழக்கே, கோவையைப் பார்த்து. ஆடி மாதம் கஞ்சிக்கோட்டில் ஏதாவது கசிந்து, நீங்கள் காரை எடுத்துக்கொண்டு கிழக்கே ஓடினால், புகை உங்களோடு கூடவே வரும். மார்கழியில் காற்று எதிர்ப்பக்கமிருந்து வரும். வாயு வந்தால் காற்றோடு ஓடக்கூடாது, காற்றுக்குக் குறுக்கே விலக வேண்டும். அதுவும் வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால் மட்டும். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் ஓடியவர்கள் மூச்சிரைக்க ஓடி இன்னும் அதிகமாக விஷத்தை இழுத்தார்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை.

கேஸ் டேங்கர் மட்டும் வேறு சமாச்சாரம். அது விஷத்தைவிட நெருப்புக்குத்தான் பயப்படவேண்டியது. அந்த நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடந்தே விலக வேண்டும், விலகியபின் 112-க்குச் சொல்ல வேண்டும். நீங்கள் முதலில் செய்யப் போவதாக எழுதியிருப்பதே காரைக் கிளப்புவதைத்தான்.

மற்றபடி விஷவாயு, அணுகுண்டு வெடித்து விழும் கதிரியக்கத் துகள், எதுவானாலும் முதல் வேலை உள்ளே போய்க் கதவைச் சாத்துவது. எந்த அறை? இதைப் படிக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீட்டின் நடுவில், தரைத் தளத்தில், வெளிச்சுவர் இல்லாமல், ஜன்னல் இல்லாமல், தலைக்குமேல் இரண்டு கான்கிரீட் தளத்தோடு இருக்கிற அறை எது? யாருக்கும் வேண்டாம் என்று அம்மாவுக்குக் கொடுத்தீர்களே, அதுதான். அணுகுண்டுத் துகள் கூரையிலும் வெளியே தரையிலும்தான் படியும். இரண்டுக்கும் எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு நல்லது, அதனால் உங்கள் மாடி அறைகள் ஆகவே ஆகாது. வெடித்து ஒரு மணி நேரத்தில் இருக்கிற கதிர்வீச்சு ஏழாவது மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்காகும், இரண்டு நாளில் நூறில் ஒரு பங்காகும். முதல் 24 மணி நேரம் வெளியே தலைகாட்டாமல் இருந்தாலே பெரிய பாதுகாப்பு. ஆக அந்த நாளில் அம்மாவை யாரும் எங்கும் அழைத்துப் போகவேண்டாம். நீங்கள் நாலு பேரும் இறங்கி அவர் அறைக்குப் போகவேண்டும்.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், அது தாழ்வாகத் தங்கும், அதற்கு மாடிதான் நல்லது என்று போனில் படித்திருப்பீர்கள். சரிதான். ஆனால் ஏற முடியாதவரைக் கீழே விட்டுவிட்டு ஏறுவதா? அந்த அறையையே அடையுங்கள். கதவிடுக்கில் ஈரத்துண்டு. வென்டிலேட்டர் அளவுக்கு இப்போதே வெட்டி வைத்த அட்டையும் அகல டேப்பும். ஃபேன், ஏசி, எக்ஸாஸ்ட் எதுவும் ஓடக்கூடாது. மூச்சு முட்டும் என்று பயம் வேண்டாம், ஆளுக்கு 10 சதுர அடி இருந்தால் ஐந்து மணி நேரம்வரை தாங்கும். வாயு மேகம் அதற்கு வெகு முன்பே கடந்துவிடும். கடந்துவிட்டது என்று சொன்னதும் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், உள்ளே தங்கிப்போனதைச் சுவாசித்துக்கொண்டிருக்கக் கூடாது. தண்ணீர் கேன், டார்ச், பேட்டரி ரேடியோ, அம்மாவின் மாத்திரைகள் எல்லாம் இன்றைக்கே அந்த அறையில் இருக்கட்டும்.

பிள்ளைகள் வெளியிலிருந்து தூசியோ புகையோ பட்டு வந்தால் வாசலிலேயே மேல்துணியைக் களைய வேண்டும். ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். தலைவழியாக இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். பிறகு சோப்பும் தண்ணீரும், தேய்க்காமல். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வீசியபோது, வந்தவர்களின் துணியிலிருந்தே ஆஸ்பத்திரி ஊழியர்கள் பலருக்குப் பாதிப்பு வந்தது. அம்மாவிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆபத்து நேரத்தில் புடவையைக் களையச் சொன்னால் அந்த வயதுக்காரர்கள் கூச்சத்தில் மறுப்பார்கள்.

அயோடின் மாத்திரை: தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினிடமிருந்து காப்பது தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. ரசாயனத்துக்கும் கிருமிக்கும் பிரயோஜனமில்லை. அரசாங்கம் சொன்னால் மட்டும் போடவேண்டியது. குழந்தைகளுக்குத்தான் முதலில், 40 தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இந்த ஒரு விஷயத்தில் அம்மா வரிசையில் கடைசி, நீங்கள் அவருக்கு முந்தினவர். அயோடின் உப்பை அள்ளித் தின்னலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஒரு மாத்திரைக்கு ஈடாகக் கிலோக்கணக்கில் தின்னவேண்டும்.

கிருமிக்கு சைரன் ஊதமாட்டார்கள். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது ஆஸ்பத்திரியில்தான் அது தெரிந்தது. ஆஷா என்கிற ஊர்ச் சுகாதார ஊழியர் வந்து சொல்வதைக் கேளுங்கள், சாதாரண என்95 மாஸ்க் ஐந்து வாங்கி வையுங்கள், கை கழுவுங்கள், போதும்.

நிதானத்துக்கு வழி கேட்டீர்கள். ராத்திரியில் போனை மூடிவிட்டு அம்மாவிடம் போய் உட்காருங்கள். என்னென்ன வரலாம் என்று சத்தமாக, நிதானமாக, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எழுத்து தெரிந்தவர் என்றால் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு அட்டை எழுதி அவர் அறைச் சுவரில் மாட்டுங்கள். பஞ்சாயத்து ஜீப் மலையாளத்தில் அறிவித்துக்கொண்டு போகும், அது அவருக்கு எட்டாது. பெரியவள் பாட்டி தோளைத் தொட்டு மூக்கைப் பிடித்துக் காட்டினால் வாடை, அறைக்கு வா என்று அர்த்தம். சின்னவன் ஈரத்துண்டு கொண்டு வரவேண்டும். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் ஒரு சாவி கொடுங்கள். சைரன் ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து, ஒரே சீராக நீண்டு ஊதினால் ஆபத்து விலகியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம், அவருக்குக் காது எவ்வளவு கேட்காது? காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் எடுத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மாஸ்க் ஆர்டர் போட்ட வேகத்தில் பாதி இருந்தால் இந்த வாரமே அழைத்துப் போயிருக்கலாம்.

இதையெல்லாம் ஒரு தடவை செய்து பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அல்ல, வேலை நாளில், நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அறைக்குள் போய், கதவிடுக்கை அடைத்துவிட்டு, பெரியவள் உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பட்டும். நிஜமாகவே ஏதாவது நடந்து அந்த மெசேஜ் வந்தால், ரயிலோ பஸ்ஸோ பிடித்து வீட்டுக்கு ஓடிவரக் கூடாது. ரோடு ஃபயர் சர்வீஸுக்கு வேண்டும், உங்களுக்காகக் கதவைத் திறந்தால் அடைத்ததெல்லாம் வீண். பாலக்காட்டு எஸ்.டி.டி. எண் 0491-ஐ முன்னால் சேர்த்து 1077-இல் பாலக்காடு கலெக்டரேட் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, வீட்டில் மூன்று பேர், ஒருவருக்குக் காது கேட்காது, தரைத் தளத்து நடு அறை என்று சொல்லிவிட்டு, அவர்கள் வரச் சொல்லும்வரை கோவையிலேயே இருங்கள்.