மகள் இ.இ.இ. கேட்கிறாள், வீட்டில் கம்ப்யூட்டர் என்கிறார்கள்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. "பழுப்பு நிலக்கரி இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று அவரே புலம்பிக்கொண்டிருக்க, மகள் அதே மின்சாரத்தைத்தான், இ.இ.இ. என்கிற மின் மற்றும் மின்னணுப் பொறியியலைத்தான் படிப்பேன் என்கிறாள். கொழுந்தனார் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். மாமியாரோ, "பொம்பளப் புள்ள கம்பத்துல ஏறுவாளா?" என்று கேட்கிறார். மூன்று பேர் கவலையும் நியாயம்தான். ஆனால் அவை ஒரே கவலை இல்லை, அதனால் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் கணவரின் கேள்வி. நெய்வேலியில் முதல் மின் உற்பத்தி இயந்திரம் ஓடத் தொடங்கியது 1962இல். அந்த 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020இல் முழுதாக மூடப்பட்டது. அதற்குப் பதிலாக 500 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு கொண்ட புதிய நிலையம் வந்துவிட்டது. இதையெல்லாம் அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். எரிபொருள் அதேதான், நிலையம்தான் மாறியது. பழைய கொதிகலனோடு பழகியவர்களில் யாருக்குப் புதிய இடத்தில் கை உடனே பழகியது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஸ்விட்ச்யார்டு (நிலையத்திலிருந்து மின்சாரம் வெளியே போகும் முற்றம்), டிரான்ஸ்பார்மர், ரிலே (கோளாறைக் கண்டு தடத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) என்று இருந்தவர்களைச் சொல்வார் என்பது என் ஊகம். எந்தக் கரியை எரித்தாலும், காற்றாடியே சுற்றினாலும், அந்தப் பக்கத்து வேலை பெரிதாக மாறுவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, சூடு பட்டுச் சொல்கிறேன். 2010ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, "இனி அனல்மின் நிலையங்கள்தான், கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்" என்று பல பிள்ளைகளிடம் சொன்னவன் நான். அப்போது அறிவித்த தனியார் நிலையங்கள் பல பிறகு பாதியிலேயே நின்றன. அதை நம்பிப் படித்த ஒரு பையன் இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை, அவன் திட்டவில்லை. அவனிடம் இருந்த ஒரே நல்ல சரக்கு மின் பாதுகாப்புப் பாடம், அதாவது ரிலேயும், அது சொன்னதும் தடத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும். அதை வைத்துத்தான் ஒரு காற்றாலைத் துணைமின் நிலையத்தில் நுழைந்தான். அதிலிருந்து நான் யாரையும் ஒரு எரிபொருளுக்கு வாக்கப்படச் சொல்வதில்லை. நிலக்கரிக்கும் வேண்டாம், சூரியனுக்கும் வேண்டாம்.

சூரியனுக்குமா என்று கேட்பீர்கள். பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்: இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறனில், அதாவது எல்லா நிலையங்களும் முழுதாக ஓடினால் தரக்கூடிய அளவில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. 2025 நடுவில் அந்தக் கோட்டைத் தொட்டோம். அதைப் படித்துவிட்டு நிலக்கரி பாதியாகிவிட்டது என்று நினைத்தால் தவறு. நாம் உண்மையில் செலவழிக்கும் யூனிட்டுகளில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. கணக்கு எளிது. ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு இரவு உண்டு, மேகம் உண்டு. வருடத்தில் முழுத்திறனில் ஓடியதற்குச் சமமான நேரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். வருடத்துக்கு 17 லட்சம் யூனிட் தேறும். அதே ஒரு மெகாவாட் அனல்மின் நிலையம் எழுபது சதவீதம் ஓடினால் 61 லட்சம். ஆகவே உங்கள் கணவரின் வேலை நாளைக்கே போய்விடாது. ஆனால் நாடு 2070இல் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சுவதும் சமம், என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் மகள் ஓய்வுபெறும் வயது அதற்கு ரொம்ப முன்னால் இல்லை. அப்பாவுக்கு ஒரு பதில், மகளுக்கு வேறு பதில்.

சூரிய மின்சாரத்தில் வேலை கொட்டிக்கிடக்கிறது என்ற விளம்பரங்களையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் அமைத்தார்கள். 2,500 ஏக்கர். எட்டு மாதத்தில், ஏறத்தாழ 8,500 பேரை வைத்துக் கட்டியதாகச் சொன்னார்கள். கட்டி முடித்த பிறகு அவ்வளவு பேருக்கு அங்கே என்ன வேலை? சூரியத் தகடுக்குக் கரி போடவும் வேண்டாம், சாம்பல் அள்ளவும் வேண்டாம். கட்டுமான வேலைக்கும் காலமெல்லாம் இருக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த விளம்பரமும் சொல்லாது.

அப்படியானால் வேலை எங்கே போகிறது? மின்சாரம் செய்யும் இடத்திலிருந்து, அதைச் சமாளிக்கும் இடத்துக்கு. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது, இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாளும் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருந்த பகுதிகளில் மின்சாரம் இல்லை. நிலையங்கள் இருந்தன, நிலக்கரி இருந்தது. எடுத்துச் செல்லும் தடங்கள் பளு தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நாம் தப்பித்தோம், ஏனென்றால் தென்மாநில மின்கட்டமைப்பு அப்போது வடக்கோடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாக இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை மின்சாரத்துக்கு ஒரே துடிப்பு: நொடிக்கு 50 சுற்று. அது 49.90க்கும் 50.05க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது விதி. எங்கோ ஒரு பெரிய இயந்திரம் நின்றால் அந்த எண் சரியும். அந்தக் கணமே வேறு எங்காவது கூட்ட வேண்டும். சென்னையில் மாநிலத்துக்கும் பெங்களூரில் தென்மண்டலத்துக்கும் உள்ள லோட் டெஸ்பாட்ச் சென்டர்களில் (மின்தேவைக்கும் உற்பத்திக்கும் சமன் பார்க்கும் கட்டுப்பாட்டு மையங்கள்) இருபத்துநாலு மணி நேரமும் திரையைப் பார்த்துக்கொண்டு இந்த வேலை செய்ய ஆள் இருக்கிறார்கள்.

இப்போது இதற்குள் காற்றையும் வெயிலையும் விடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்று அடித்துத் தள்ளும்; அப்புறம் படுத்துவிடும். வெயில் சாயும் அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் ஒன்றாக ஏறும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இந்த ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டத்தான் மின்கலத் தொகுதிகளும், தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கும் நீரேற்று நிலையங்களும். ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் நிலையம் 1980களின் கடைசியிலிருந்தே இதைச் செய்கிறது. அப்போது அது ஒரு விசித்திரம், இப்போது அதுபோல இன்னும் வேண்டும் என்று தேடுகிறார்கள். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது.

இங்கேதான் உங்கள் கொழுந்தனாருக்கும் பதில் இருக்கிறது. காற்றாலைக்காரர், சூரிய மின்நிலையக்காரர் எல்லாரும் நாளைக்கு எவ்வளவு தருவேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 துண்டாக வெட்டி. சொன்னதற்கும் தந்ததற்கும் வித்தியாசம் கூடினால் பணம் கட்ட வேண்டும். இந்தக் கணிப்பைச் செய்வது கம்ப்யூட்டர் நிரல்தான். ஆனால் நிரல் மட்டும் தெரிந்தவருக்குக் கட்டமைப்பு புரியாது. மின்னியல் மட்டும் தெரிந்தவருக்கு நிரல் வராது. இரண்டும் தெரிந்த ஆள் குறைவு. மகள் இ.இ.இ. சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலிருந்து பைத்தான் நிரல்மொழியும், மின்நிலையங்களைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருளும் பக்கத்தில் படித்தால் கொழுந்தனார் சொன்னதில் பாதி நடந்துவிட்டது. அவளுக்குக் கணக்கும் இயற்பியலும் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. அப்போது இந்தப் பேச்சே வேண்டாம், கம்ப்யூட்டரே சேரட்டும்.

மாமியாருக்கு என்ன சொல்வது? கம்பத்தில் ஏறுவது வயர்மேன் வேலை, பொறியாளரின் அன்றாட வேலை அல்ல என்று சொல்லலாம். அது உண்மை. ரிலே சோதனை, மீட்டரிங், வடிவமைப்பு, மின்கட்டணக் கணக்கு, தொழிற்சாலைகளில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் எரிசக்தித் தணிக்கை என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனாலும் ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை: இந்தத் துறையில் ஷிப்ட் உண்டு, நள்ளிரவில் போன் வரும், மழையில் துணைமின் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். முதல் ஐந்து வருடம் களத்தைத் தவிர்த்த பொறியாளரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, ஆணானாலும் பெண்ணானாலும். அவளிடமே கேளுங்கள். பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு; அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே ஏற்கிறது. அதோடு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கட்ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 ஆகச் சேர்த்து 200க்கு.

பட்டத்தின் பெயரில் கவனம் வேண்டும். சில கல்லூரிகளில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று தனிப் பட்டமே இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரசு வேலை அறிவிப்புகளில் தகுதி, மின் மற்றும் மின்னணுப் பொறியியல் அல்லது அதற்கு இணையானது என்று போட்டிருப்பார்கள். இணையானதுதான் என்று நிரூபிக்க அரசாணையைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இளங்கலையில் பெயர் சாதாரணமாகவே இருக்கட்டும், சூரியனையும் காற்றையும் விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

வேலை வழிகளில் நான் முதலில் சொல்வது கேட் (GATE) என்ற தேசிய அளவிலான பொறியியல் தகுதித் தேர்வு. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மின்தடங்களை நடத்தும் பவர் கிரிட் போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் பயிற்சிப் பொறியாளர்களை எடுக்கின்றன. பயிற்சி முடிந்தால் அடிப்படைச் சம்பளமே மாதம் 50,000 ரூபாயில் தொடங்கும். மாநில மின்நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு, அதில் தமிழ்த் தாளில் தேற வேண்டும், உங்கள் மகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்விலும் மின்னியல் ஒரு பிரிவு. தனியாரில் தொடக்கச் சம்பளம், கேட்டால் வருத்தப்படும் அளவுக்குக் குறைவாகவே இருக்கும். மூன்று நான்கு வருட அனுபவத்துக்குப் பிறகுதான் ஏறும். அந்த அனுபவத்தோடு எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வும் எழுதலாம், மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் 'சி' சான்றும் வாங்கலாம். மின் ஒப்பந்ததாரர்களுக்கு அந்தச் சான்று வைத்திருக்கும் மேற்பார்வையாளர் தேவை. சுயதொழிலுக்கும் அது அடித்தளம். உங்கள் நெய்வேலியிலேயே தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருப்பதும் நினைவிருக்கட்டும். பட்டம் முடித்தபின் மின்நிலையப் பயிற்சி தேவைப்பட்டால் பேருந்து தூரம்தான்.

கட்ஆஃப் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் சுமாரான கல்லூரிக்கு ஓடவேண்டாம். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம். அப்படி வந்தவர்கள் கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களாக வருகிறார்கள். சில நேரம் எனக்கு அந்த வழியே பிடித்திருக்கிறது.

கலந்தாய்வில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை இறுதி செய்து பூட்டுவதற்கு முன் கணவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு கல்லூரிக்காவது நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டு, மின் இயந்திர ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கணவர் இத்தனை வருடம் இயந்திரங்களுக்கு நடுவில் இருந்தவர். மோட்டார்கள் வாரா வாரம் ஓடுகின்றனவா, தூசி தட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.