பதில்: கப்பல் தலைவரின் மனைவி உண்மையிலேயே கப்பலில் இருந்தாரா?

வணக்கம். உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலான யுரேனியின் பயணம் பற்றிய அரசு அறிக்கையில், கப்பல் தலைவர் லூயியின் மனைவி ரோஸ் த ஃபிரேசினேவைத் தேடிக் களைத்துவிட்டதாகவும், அவர் போனதே கட்டுக்கதையோ என்று சந்தேகம் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். சந்தேகமே வேண்டாம், அவர் போனார். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் பயணிக்கத் தடை இருந்ததால், 1817 செப்டம்பரில் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் ஆண் உடையில் ஏறினார். அப்போது வயது 22. விதியை மீறிய பயணம் என்பதால்தான் அறிக்கை அவரை மறைக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது, தோழி கரோலினுக்காக அவர் எழுதிய நாட்குறிப்பை. அச்சில் வந்தது 1927இல்தான், அதுவும் சில பகுதிகள் நீக்கப்பட்டு. 1820 பிப்ரவரியில் ஃபாக்லாந்து தீவுகளில் கப்பல் உடைந்து, கரையில் கூடாரத்தில் கிடந்த நாட்கள் உட்பட மூன்றாண்டு வாழ்க்கை அதில் இருக்கிறது. அதைப் படிக்காமல் கட்டுரையை முடிக்காதீர்கள்.

அப்புறம், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள ஷார்க் பேயில் அவர்கள் போட்ட முகாமை வரைந்த மூல நீர்வண்ண ஓவியத்தையும், அரசு அறிக்கையில் அச்சான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலத்தில் ரோஸ் இருக்கிறார், அச்சில் இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. உங்கள் கட்டுரையை அங்கிருந்தே தொடங்கலாம்.