டிஜிட்டல் ரேடியோ வந்தால் வீட்டிலிருக்கும் பழைய எஃப்.எம். பெட்டி வீணாகிவிடுமா?

வீணாகாது. இப்போதைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இதே கேள்வியை என் அப்பாவும் போன மாதம் கேட்டார். அல்சூரில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் அவருடைய டிரான்சிஸ்டர் எத்தனையோ வருடமாக உட்கார்ந்திருக்கிறது. "இதையும் நிறுத்திடுவாங்களாப்பா?" என்றார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கேபிள் டி.வி.க்கு அப்படித்தான் ஆனது. பெங்களூருக்கு 2013 மார்ச் 31 என்று கெடு வைத்து, செட்டாப் பாக்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

ரேடியோவுக்கு அப்படி ஒரு கெடு வைக்கவில்லை. தனியார் நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறுவது பற்றி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 அக்டோபரில் மத்திய அரசுக்குப் பரிந்துரை கொடுத்தது. அதன்படி இப்போது நம் பெட்டியில் கேட்கும் பழைய அனலாக் ஒலியும் புதிய டிஜிட்டல் ஒலியும் ஒரே அலைவரிசையில் சேர்ந்தே வரும். ஏற்கெனவே நடக்கும் நிலையங்கள் விருப்பப்பட்டால் மாறலாம், கட்டாயமில்லை. அனலாகை எப்போது நிறுத்துவது என்பதை, மாற்றம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்கிறது. முதலில் 13 பெரிய நகரங்கள்; பெங்களூரும் அதில் உண்டு. பரிந்துரையை ஏற்று உத்தரவு போட வேண்டியது அரசுதான்.

என்னைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம் வேறு. ஒரு அலைவரிசை உரிமம் வாங்கியவர் அதிலேயே 1 அனலாக், 3 டிஜிட்டல், தகவல் அனுப்பும் 1 தரவுச் சேனல் நடத்தலாம் என்கிறது அந்தப் பரிந்துரை. பெங்களூர்த் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஏலத்தில் பெரும்பணம் கொட்டி ஒரே ஒரு சேனல் வாங்கியவர், அதிகம் பேர் கேட்கும் கன்னடத்துக்கோ இந்திக்கோதான் அதைக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா தமிழ் கேட்க ராத்திரிக்காகக் காத்திருப்பார். பகலில் தூரத்து நிலையங்களின் மீடியம் வேவ் அலையை மேல்வளிமண்டலம் விழுங்கிவிடும், பொழுது சாய்ந்த பிறகுதான் சென்னை நிலையம் கொஞ்சம் தெளியும். இனி ஒரே உரிமத்தில் கூடுதலாக மூன்று சேனல் கிடைக்குமென்றால், அதில் ஒன்று தமிழுக்கு, உருதுவுக்கு, தெலுங்குக்கு என்று ஏன் போகக்கூடாது? ஏலம் தொடங்குமுன் உரிம விதியிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் எழுத மாட்டார்கள்.

இன்னொன்று, பெட்டி. நான் ஜே.சி. ரோட்டில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடையில் வேலை செய்கிறேன். புதுக் கார்கள் பலவற்றில் திரையில் டி.ஆர்.எம். என்று இருக்கும்; அது டிஜிட்டல் ரேடியோ முறைகளில் ஒன்று. வாடிக்கையாளர்கள் அது என்னவென்றே தெரியாமல் கடந்து போகிறார்கள். ஆகாசவாணி டி.ஆர்.எம். முறையில் ஒலிபரப்ப 30-க்கும் மேற்பட்ட மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது. ஆனால் சாதாரண வீட்டில் வாங்கும் விலைக்குப் பெட்டி வரவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்த ஒலிபரப்பைக் கேட்க ஆளில்லாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். தனியார் எஃப்.எம்.முக்கும் அப்படி ஆகக்கூடாது. நாடு முழுக்க ஒரே தொழில்நுட்பம் என்று டிராய் சொல்வதை அதனால்தான் வரவேற்கிறேன். டி.ஆர்.எம்.மா, இன்னொரு முறையான எச்.டி. ரேடியோவா என்று ஆளுக்கொன்றாகப் பிரிந்தால் பெட்டி விலை இறங்காது.

ஆகவே "டிஜிட்டல் எஃப்.எம். ரெடி" என்று யாராவது விற்க வந்தால் இப்போது வாங்காதீர்கள். எந்தத் தொழில்நுட்பம் என்று அரசு அறிவிக்கட்டும். அதுவரை பழைய பெட்டிக்கு பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன்.